ஃப்ரிட்ஜைப் பாதுகாப்பாக்கியவர், ஓசோனைப் பதம் பார்த்தவர்: யார் இந்த தாமஸ் மிட்ஜ்லி?

பெரம்பலூர், அரியலூர் வெயிலில் ஃப்ரிட்ஜ் இல்லாத கூல்டிரிங்ஸ் கடையை நினைச்சுப் பார்க்க முடியுமா? ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வீடு வந்ததில் அமெரிக்க இன்ஜினீயர் தாமஸ் மிட்ஜ்லிக்குப் பெரிய பங்கு உண்டு.

1889-ல் பிறந்தவர். பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையை 1921-ல் கண்டுபிடித்தார். அடுத்தது ஃப்ரிட்ஜ். அப்போதைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த அம்மோனியா, மெத்தில் குளோரைடு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928-ல் மிட்ஜ்லி குழு கொண்டுவந்த ஹாலோஆல்கேன்தான் ஃப்ரீயான்-12. மீத்தேனின் 4 ஹைட்ரஜனுக்குப் பதில் 2 குளோரின், 2 ஃப்ளூரின். தீப்பிடிக்காது, விஷமும் இல்லை. 1930-ல் மேடையிலேயே அதை மூச்சில் இழுத்து, ஊதி, மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார்.

1940-ல் போலியோ தாக்கியது. படுக்கையிலிருந்து எழ அவரே அமைத்த கயிறு, கப்பியில் சிக்கி 1944-ல் இறந்தார். வயது 55.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. எளிதில் சிதையாத அந்த வாயு மேலே போகும். புற ஊதாக் கதிர் பட்டுக் குளோரின் பிரியும். அது ஓசோனை அழிக்கும். 1974-ல் மொலினா, ரோலண்ட் இதைச் சொன்னார்கள். இந்த வாயுக்கள் பூமியையும் சூடாக்கும் என்று 1975-ல் காட்டியவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ.ராமநாதன். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் இந்தியா இணைந்தது.

உங்க வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்க. ஆர்-600ஏ என்றிருந்தால் குளோரின் இல்லை. ஆர்-12 என்றிருந்தால் அது மிட்ஜ்லியின் வாயு. பழைய இரும்புக்குப் போடும் முன் மெக்கானிக்கை வைத்து வாயுவைப் பத்திரமாக எடுத்துடுங்க.