ஹிஸ்டோன் முதல் கொலாஜன் வரை: கிண்டியில் இருந்து புரதங்களுக்கு விதி சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

நம் உடலில் உள்ள ஒரே ஒரு செல்லின் டிஎன்ஏவை எடுத்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் அகலமோ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு நீளமான நூல் சிக்கல் விழாமல் அதற்குள் எப்படி அடங்குகிறது?

பதில்: ஹிஸ்டோன் என்னும் புரதங்கள். தையல் நூலைச் சுற்றிவைக்கும் கட்டையைப் போல இவை டிஎன்ஏவைத் தம்மேல் சுற்றி வைத்துக்கொள்கின்றன. இந்தக் கட்டை எப்படி இருக்கும் என்பதை 1997-ல் அணு அளவில் துல்லியமாகப் படம் பிடித்தார்கள்.

சரி, அப்படி வரைந்த படம் சரியானதுதானா என்று எப்படிச் சோதிப்பது? எந்தப் புரதமாக இருந்தாலும் விஞ்ஞானிகள் முதலில் நாடும் சோதனைகளில் ஒன்று, சென்னை கிண்டியில் உருவானது. 1963-ல் வெளியான அதன் பெயர் ‘ராமச்சந்திரன் வரைபடம்’. உலகம் முழுக்க உயிரியல் மாணவர்கள் படிக்கும் இந்தப் பெயருக்குச் சொந்தக்காரரை நம்ம ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

யார் இந்த ராமச்சந்திரன்?

கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன். திருநெல்வேலிப் பக்கம் உள்ள கோபாலசமுத்திரம்தான் பூர்வீகம். பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8 அன்று. அப்பா நாராயண ஐயர் அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்குப் பழகிய பையன், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார்.

1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின் பொறியியல் துறையில். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சி.வி.ராமன். இந்த மாணவரைப் பார்த்ததும் ராமன் விடவில்லை. தன் துறைக்கே மாற்றிக்கொண்டார். அந்த மாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். 1947 முதல் 1949 வரை கேவண்டிஷ் ஆய்வகத்தில் படிகங்களைப் பற்றி ஆராய்ந்து பிஎச்.டி. வாங்கினார். பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தைப் பற்றி உலகுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்த லைனஸ் பாலிங்கை அங்கேதான் சந்தித்தார்.

கிண்டிக்கு வந்தது எப்படி?

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறையைத் தொடங்க ஆள் தேடினார். முதலில் அவர் அணுகியது ராமனை. ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். 1952-ல் ராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டி வளாகத்துக்கு வந்தபோது அவருக்கு வயது 30-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

புதிய துறை, புதிய ஆட்கள். எந்தப் பிரச்சினையைக் கையில் எடுப்பது? அந்தச் சமயம் சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

கங்காரு வாலும் தோல் ஆராய்ச்சியும்

கொலாஜன் நமக்கு அந்நியமான பொருள் கிடையாது. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். மனித உடலில் அதிகம் இருக்கும் புரதமும் அதுவே. செருப்பு, பை செய்யும் தோலும் பெரும்பாலும் கொலாஜன்தான்.

அதனால் உதவி பக்கத்திலேயே கிடைத்தது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து ராமச்சந்திரனுக்கு ஆய்வு மாதிரி வந்தது: கங்காருவின் வால் தசைநாண். எக்ஸ்-கதிர் படம் எடுக்க அது அருமையான பொருள்.

ஆனால் நாரிழையில் எடுக்கும் எக்ஸ்-கதிர் படத்தில் சில புள்ளிகள்தான் தெரியும். மிச்சத்தை மூளைதான் போட வேண்டும். ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் ஒரு வேதியியல் தகவலைப் பிடித்துக்கொண்டார்கள். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின். இருப்பதிலேயே சின்ன அமினோ அமிலம் அது. அப்படியென்றால் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கலாம். மூன்று சங்கிலிகள் நெருங்கி நிற்கும்போது நடுவில் இருக்கும் குறுகலான இடத்தில் கிளைசினால் மட்டுமே நுழைய முடியும்.

1954-ல் இந்த மூன்று சங்கிலி மாதிரி ‘நேச்சர்’ இதழில் வந்தது. அடுத்த ஆண்டு திருத்தம் செய்தார்கள்: மூன்று சங்கிலிகளும் பக்கத்தில் நிற்பதோடு, கயிறு போல ஒன்றையொன்று சுற்றியும் முறுக்கிக்கொள்கின்றன. இதுதான் இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் மும்முறுக்குச் சுருள். இதே புரதத்துக்கு பாலிங் 1951-ல் கொடுத்த மாதிரி தவறாகிப்போயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிண்டி செய்ததன் கனம் புரியும்.

கேம்பிரிட்ஜில் இருந்து வந்த அடி

சந்தோஷம் நீடிக்கவில்லை. டிஎன்ஏ இரட்டைச் சுருளுக்காகப் பெயர்பெற்ற பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து 1955-ல் ஒரு மாற்று மாதிரியை வெளியிட்டார். மும்முறுக்கு என்ற அடிப்படை அப்படியேதான் இருந்தது. ஆனால் ராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக நிற்கின்றன என்பது அவர்கள் விமர்சனம். ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும் அவர் சொன்ன இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சாத்தியமில்லை, ஒன்றுதான் என்றார்கள்.

வளங்களும் பெயரும் அவர்கள் பக்கம். கிண்டியில் இருந்த சின்னக் குழு என்ன செய்வது? ராமச்சந்திரன் ஒரு அடிப்படைக் கேள்விக்குத் திரும்பினார்: இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்?

அதுவரை பிரசுரமான படிக அமைப்புகளை எல்லாம் அலசி, எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு தூரம்வரை நெருங்கி நிற்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். சி.ராமகிருஷ்ணனும் வி.சசிசேகரனும் இந்த வேலையில் இணைந்தார்கள். கம்ப்யூட்டர் வசதி எட்டாத காலம். கையால் இயக்கும் கணக்குப் பொறியை வைத்துத்தான் பெரும்பகுதி கணக்கு நடந்தது.

அந்த வரைபடம் என்ன சொல்கிறது?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் சங்கிலி திரும்பக்கூடிய மூட்டுகள் முக்கியமாக இரண்டு. அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஒவ்வொன்றும் கோட்பாட்டளவில் 360 டிகிரியும் சுழலலாம்.

நம் முழங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் மடங்காது, இல்லையா? எலும்பு இடிக்கும். புரதச் சங்கிலியிலும் அதே கதை. பெரும்பாலான கோணங்களில் ஒரு அணு இன்னொன்றின் மேல் இடிக்கும்.

ஃபையை ஒரு பக்கமும் சையை இன்னொரு பக்கமும் வைத்து ஒரு சதுரம் வரைந்து, இடிக்காத கோணங்களை மட்டும் குறித்தார்கள். மிஞ்சிய இடம் மொத்தப் பரப்பில் கால்வாசிகூட இல்லை. சில தீவுகள் மட்டும்தான். பாலிங் கண்டுபிடித்த ஆல்ஃபா சுருள் ஒரு தீவில், பீட்டா தாள்கள் இன்னொன்றில். கொலாஜனுக்கும் இடம் உண்டு. பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் கூடுதல் சுதந்திரம்.

1963-ல் ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி’ இதழில் இது வந்தது. கொலாஜன் சண்டைக்காகத் தொடங்கிய கணக்கு, எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் விதியாக மாறியது. அப்போது முழுதாகத் தெரிந்த புரத அமைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான் இதில் ஆச்சரியம். விதி முதலில் வந்தது. ஆயிரக்கணக்கான புரதங்கள் பிறகு வந்து அதற்குள் பொருந்தின.

இதற்கும் ஹிஸ்டோனுக்கும் என்ன சம்பந்தம்?

H2A, H2B, H3, H4 என்ற நான்கு ஹிஸ்டோன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வீதம் எட்டுச் சேர்ந்தால் ஒரு கட்டை. அதன்மேல் டிஎன்ஏவின் சுமார் 146 படிகள், ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்று சுற்றியிருக்கும். இந்த மூட்டைக்குப் பெயர் நியூக்ளியோசோம். மூட்டைகள் கோத்த மாலைதான் குரோமாட்டின்.

ஏன் ஒட்டிக்கொள்கிறது? டிஎன்ஏவின் வெளிப்புறம் முழுக்க எதிர்மின்னூட்டம். ஹிஸ்டோனில் நேர்மின்னூட்டம் கொண்ட லைசினும் அர்ஜினினும் ஏராளம். ஈர்ப்பு இயல்பாகவே வந்துவிடும்.

ஒவ்வொரு ஹிஸ்டோனின் மையமும் மூன்று ஆல்ஃபா சுருள்கள், இரண்டு வளைவுகளால் இணைக்கப்பட்ட மடிப்பு. அதாவது, ராமச்சந்திரன் வரைபடத்தின் ஆல்ஃபா தீவில்தான் அதன் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறது. அதில் இருந்து வெளியே நீளும் வால்களுக்கு நிலையான வடிவம் இல்லை. அந்த வால்களில்தான் மரபணுவின் சுவிட்சுகள் இருக்கின்றன. வாலில் உள்ள லைசினில் அசிட்டைல் குழு ஒட்டினால் நேர்மின்னூட்டம் குறையும். பிடி தளரும். அந்தப் பகுதி மரபணுவை செல் எளிதாகப் படிக்க முடியும். அசிட்டைலை நீக்கினால் மறுபடி இறுகும். சில புற்றுநோய் மருந்துகள் குறிவைப்பது அசிட்டைலை நீக்கும் நொதிகளைத்தான்.

ஒரே டிஎன்ஏ இருந்தும் கண் செல் கண்ணாகவும் கல்லீரல் செல் கல்லீரலாகவும் இருப்பதில் இந்தக் கட்டு தளர்வதற்கும் இறுகுவதற்கும் பெரிய பங்கு உண்டு. வடிவம் தவறாகப் புரிந்தால் மருந்தும் தவறாகும். அதனால்தான் சர்வதேசப் புரத வங்கியில் ஒரு அமைப்பைப் பதிவு செய்யும்போது, எத்தனை அமினோ அமிலங்கள் ராமச்சந்திரன் தீவுகளுக்கு வெளியே நிற்கின்றன என்ற கணக்கும் அறிக்கையில் வருகிறது. ஏஐ கணித்துத் தரும் புரத வடிவங்களுக்கும் இதே சோதனைதான்.

கிண்டிக்குப் பிறகு

லட்சுமணசுவாமி முதலியார் 1969-ல் பதவி விலகினார். அடுத்த ஆண்டே ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனார். பெங்களூருவில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் பதிவுகளில் இருந்து உள்ளே இருக்கும் உருவத்தை மீட்கும் கணித முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் படங்கள் உருவாக இந்த வழி பெரிதும் பயன்பட்டது. 1979-ல் சி.டி. ஸ்கேனுக்காக நோபல் வந்தபோது வாங்கியவர்கள் வேறு இருவர்.

1961-ல் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-ல் படிகவியலின் உயரிய எவால்ட் பரிசு. நோபல் மட்டும் வரவே இல்லை. கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் அவரை முடக்கியது. மனைவி ராஜலட்சுமி 1998-ல் மறைந்தார். 2001 ஏப்ரல் 7 அன்று ராமச்சந்திரன் சென்னையில் காலமானார்.

கடைசியில் யார் சொன்னது சரி?

1994-ல் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் படிக அமைப்பு வெளியானது. மும்முறுக்கு உறுதியானது. மூன்று அமினோ அமிலத்துக்கு நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான். அந்த விஷயத்தில் கிரிக்கும் ரிச்சும் சொன்னதே சரி. ஆனால் சங்கிலிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் பாலம்போல் இணைப்பதும் அதில் தெரிந்தது. தண்ணீர் வழியாகப் பிணைப்பு இருக்கலாம் என்று ராமச்சந்திரன் 1968-லேயே எழுதியிருந்தார்.

அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு இன்று ‘ட்ரிபிள் ஹீலிக்ஸ்’ என்று பெயர். கிண்டி வளாகத்தில் அவர் தொடங்கிய துறை, படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் உயராய்வு மையமாக இப்போதும் இயங்குகிறது.