மாருதி 800 இன்ஜினில் ஃபார்முலா கார்... யார் இந்தக் கரிவரதன்?

கோவையில் போத்தனூரைத் தாண்டி செட்டிப்பாளையம் பக்கம் போனால் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. நீளம் 2.1 கிலோமீட்டர். வார இறுதியில் பைக் ரேஸ், கார் ரேஸ், காலேஜ் பசங்களின் போட்டி என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அங்கே போய் செல்ஃபி எடுத்துப் போடும் பலருக்கும் அந்த 'கரி' யார் என்று தெரியாது. நிலக்கரி சம்பந்தப்பட்ட பெயர் என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம்.

அது ஒரு மனிதரின் பெயர். முழுப் பெயர் எஸ். கரிவரதன். நண்பர்களுக்கும் ரேஸ் வட்டாரத்துக்கும் 'கரி'. 1995 ஆகஸ்டில், 41 வயதில் இறந்துபோனார். டிராக் வந்தது 2003-ல். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

இந்தியாவிலிருந்து இரண்டு பேர் ஃபார்முலா 1 வரை போயிருக்கிறார்கள். நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். இரண்டு பேருமே இந்தியாவில் ஆரம்பத்தில் ஓட்டியது கரிவரதன் போட்ட பாதையில் வந்த ஃபார்முலா மாருதி கார்களைத்தான். அந்தக் கார் எப்படி வந்தது, அது ஏன் பெரிய விஷயம் என்பதுதான் கரியின் கதை.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் பிறந்தது 1954-ல், லட்சுமி மில்ஸ் குடும்பத்தில். கோவைக்காரர்களுக்கு அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. அவிநாசி ரோட்டில் 'லட்சுமி மில்ஸ்' என்பது பஸ் ஸ்டாப்பின் பெயரும்கூட. ஜி. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய மில் அது. அதே குடும்பம் 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸை ஆரம்பித்து, நூற்பு இயந்திரங்களையே இங்கே செய்யத் தொடங்கியது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கரி வளர்ந்த காலத்துக் கோவையில் பணக்காரர் வீடு, பட்டறைக்காரர் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் இயந்திரம் எல்லோர் பேச்சிலும் இருந்தது. மில்லுக்கு உதிரி பாகம் வேண்டும், கிணற்றுக்கு மோட்டார் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க லைசென்ஸ் கிடைக்காது, கிடைத்தாலும் வரி கட்டி மாளாது. அதனால் ஃபவுண்டரியில் வார்த்து, லேத்தில் கடைந்து நாமே செய்துவிடலாம் என்கிற பழக்கம் ஊருக்கே வந்துவிட்டது. பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் பக்கம் தெருவுக்குத் தெரு பட்டறை. ஜி.டி. நாயுடுவின் ஊர் வேறு.

அந்தச் சூழலில் கார் பைத்தியம் பிடித்த ஒரு பையன் என்ன செய்வான்? 1970-களிலேயே கரி கார்களைச் செய்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஓட்டவும் செய்தார்.

சோழவரம் காலம்

அந்தக் காலத்து இந்திய மோட்டார் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று அங்கே கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் வருஷா வருஷம் ரேஸ் நடத்தியது. மெட்ராஸ்காரர்களுக்கு அது திருவிழா மாதிரி.

ஓடிய கார்கள் என்னென்ன? நாட்டில் கிடைத்ததே மூன்று வகைதான். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. அவற்றின் இன்ஜினைப் பிரித்து, தேய்த்து, கூட்டிக் குறைத்து ஓட்டினார்கள். இன்னொரு பக்கம், வசதியுள்ளவர்கள் வெளிநாட்டில் ஓடி முடித்த ரேஸ் கார்களை இறக்குமதி செய்து கொண்டுவந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையே சோழவரத்தில் ஓட்டினார். கரியும் அந்தக் காலத்தில் அங்கே பெயர் வாங்கிய ஓட்டுநர்தான்.

பார்ப்பதற்கு ஜோர். ஆனால் ரேஸ் என்று பார்த்தால் அதில் ஒரு கோளாறு. ஒருவரிடம் ஃபார்முலா 1 கார், இன்னொருவரிடம் மாற்றியமைத்த ஃபியட் என்றால், ஜெயித்தது ஓட்டுநரா, பர்ஸா? நல்லா ஓட்டத் தெரிந்த, ஆனால் இறக்குமதிக்கு வழியில்லாத பையன் ஒருவன் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பான். அவன் எத்தனை வேகக்காரன் என்று அவனுக்கே தெரியாது.

ஏணியில் காணாமல் போன படி

ரேஸ் ஓட்டுநர் ஆவது படிப்படியாக நடக்கிற விஷயம். முதலில் கார்ட். அடுத்து ஒற்றை இருக்கை உள்ள சின்ன ஃபார்முலா கார். பிறகு ஃபார்முலா 3. அதற்கு மேல் ஃபார்முலா 1, அல்லது லெ மான் போல 24 மணி நேரம் ஓடும் நீண்ட தூர ரேஸ்கள். இதில் இரண்டாவது படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சாதாரண காரை ஓட்டுவதற்கும், தரையோடு தரையாகப் படுத்தபடி, சக்கரங்கள் வெளியே தெரிய ஓடும் காரை ஓட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை.

மற்ற நாடுகள் இந்தப் படியை எப்படி மலிவாக்கின? அமெரிக்காவில் 1960-களில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை வைத்து 'ஃபார்முலா வீ' கார் செய்தார்கள். இங்கிலாந்தில் 1967-ல் 'ஃபார்முலா ஃபோர்டு' வந்தது. தெருவில் ஓடும் ஃபோர்டு காரின் இன்ஜின், எளிமையான இரும்புக் குழாய்ச் சட்டம், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வண்டி. அதிலிருந்து வந்த உலக சாம்பியன்களின் பட்டியல் நீளம்.

இந்தியாவில் இப்படிச் செய்ய ஆசைப்பட்டாலும் செய்ய முடியாது. அம்பாசிடர் இன்ஜினைத் தூக்கவே நாலு பேர் வேண்டும். அதை வைத்துக் குட்டி ஃபார்முலா கார் செய்வது, மாட்டு வண்டிச் சக்கரத்தை சைக்கிளில் மாட்டுகிற வேலை.

1983 டிசம்பரில் அந்த நிலைமை மாறியது. மாருதி 800 வந்தது.

எட்டு நூறு சிசி மாயம்

796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன். நம் அப்பாக்கள் குடும்பத்தோடு பழனிக்கும் ஊட்டிக்கும் போன அதே இன்ஜின். ரேஸ் இன்ஜின் என்று இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

கரி வேறு கணக்குப் போட்டார். இன்ஜின் சின்னது, எடை குறைவு. மாருதி காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்பக்கம் ஒன்றாகவே, குறுக்காக உட்கார்ந்திருக்கும். அந்த மொத்தக் கட்டையும் அப்படியே கழற்றி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டால்? பின் சக்கரங்களை அது தள்ளும். ஃபார்முலா காரின் அமைப்பு வந்துவிட்டது! சட்டத்துக்கு வெல்டிங் செய்த இரும்புக் குழாய். மேலே ஃபைபர் உடல். கதவு இல்லை, கூரை இல்லை, பின் சீட் இல்லை. எடை அவ்வளவு குறையும்போது, குடும்ப காரில் தூங்கிக்கொண்டிருந்த அந்த 40 குதிரைகள் முழித்துக்கொள்ளும்.

உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இன்ஜின் மக்கர் செய்தால் தெருமுனை மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். இங்கிலாந்திலிருந்து பார்சல் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. கோவைப் பட்டறைகளுக்கு இது பழகிய வேலைதான்.

1980-களின் கடைசியில் அந்தக் கார் டிராக்குக்கு வந்தது. இந்தியாவின் ஒற்றை இருக்கை மாருதி இன்ஜின் ஃபார்முலா என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக 'ஃபிஸ்மி' என்று பெயர். மக்கள் வாயில் அது ஃபார்முலா மாருதி ஆகிவிட்டது.

வேகம் குறைவாக இருந்ததே இந்தக் காரின் பெரிய பலம். பவர் அதிகமுள்ள காரில் வளைவில் தப்பு செய்தால், நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரை மிதித்து ஈடு கட்டிவிடலாம். ஃபார்முலா மாருதியில் அது நடக்காது. வளைவில் கொஞ்சம் அதிகமாக பிரேக் பிடித்தால் போச்சு, இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிப்பதற்குள் இரண்டு பேர் முந்திப் போயிருப்பார்கள். எல்லோரிடமும் ஒரே இன்ஜின். சாக்குச் சொல்ல இடமில்லை. ஓட்டத் தெரிகிறதா இல்லையா என்பது சில சுற்றுகளிலேயே தெரிந்துவிடும்.

ஓட்டுநர்களை உருவாக்கியவர்

தான் ஜெயிப்பதைவிட மற்றவர்களை ஓட்ட வைப்பதில் கரிக்கு ஆர்வம் கூடிக்கொண்டே போனது. பணக்கார ரேஸ்காரர்களில் இது அபூர்வம். அவர் வட்டத்தில் வளர்ந்தவர்களில் ஒருவர் அக்பர் இப்ராஹிம். பின்னாளில் பயிற்சியாளராகிப் பல இளம் ஓட்டுநர்களை உருவாக்கினார், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராகவும் ஆனார். இன்னொருவர் கோவை எல்ஜிபி குடும்பத்து பி. விஜயகுமார்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தது. கார் இருந்தது, இப்போது ஓட்ட இடமும் வந்துவிட்டது. அந்த டிராக்கில் ஃபார்முலா மாருதியில் ஏறி, முதல் ரேஸிலேயே மேடை ஏறியவர் கோவையில் வளர்ந்த ஒரு பதின்வயதுப் பையன். பெயர் நரேன் கார்த்திகேயன். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர்.

நரேன் அங்கிருந்து பிரான்ஸில் ரேஸ் பள்ளிக்குப் போனார். 1993-ல் திரும்பி வந்து மறுபடி ஃபார்முலா மாருதி, கூடவே பிரிட்டனில் ஜூனியர் ரேஸ்கள். 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் சாம்பியன். ஐரோப்பாவில் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர்தான். ஏணி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி.

அது நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கரிக்குப் பறப்பதிலும் ஆசை உண்டு. 1995 ஆகஸ்டில் சிறு ரக விமான விபத்தில் அவர் இறந்துபோனார். நரேன் ஆசிய ஃபார்முலா சாம்பியன் ஆனது 1996-ல். மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக முதல் ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டியது 2005 மார்ச்சில்.

அவருக்குப் பிறகு

இப்படி ஒரே ஆளை நம்பி நிற்கும் முயற்சிகள் அந்த ஆள் போனதும் படுத்துவிடும். இது படுக்கவில்லை. செட்டிப்பாளையம் டிராக்கை உருவாக்கி நண்பரின் பெயரை வைத்தவர் விஜயகுமார். எல்ஜிபியின் பெயரிலும் அதன் செயின் பிராண்டான ரோலான் பெயரிலும் அடுத்தடுத்து ஃபார்முலா கார்கள் வந்தன. ஸ்விஃப்ட், ஹூண்டாய், செவ்ரோலே என்று இன்ஜின் மட்டும் மாறியது. யோசனை அதேதான்: ஷோரூமில் கிடைக்கும் இன்ஜினை எடு, குழாய்ச் சட்டத்தில் வை, எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடு.

கருண் சந்தோக் 2000-ல் ஃபார்முலா மாருதியில் தேசியப் பட்டம் வென்றார். 2010-ல் ஃபார்முலா 1. 2012-ல் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஓடிய முதல் இந்தியரானார், அவர் அணி ஆறாவது இடம் பிடித்தது. உண்மையில் 2009-லேயே அந்தப் பெருமை நரேனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது. தகுதிச் சுற்று வரை ஓட்டிவிட்டு, ரேஸ் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து தவறி விழுந்து தோள்பட்டையில் அடி. கார் ஓடியது, அவர் ஓடவில்லை. விதி என்பதா, வேறென்ன சொல்வது?

நரேன் பிறகு ஜப்பானுக்குப் போய் சூப்பர் ஃபார்முலாவில் சில ஆண்டுகள் ஓட்டினார். 2019-ல் சூப்பர் ஜிடி. ஒரே காரை இரண்டு ஓட்டுநர்கள் பங்கு போட்டு ஓட்டும் நீண்ட ரேஸ் அது. அந்த நவம்பரில் ஃபூஜி டிராக்கில் ஜெர்மானிய, ஜப்பானிய அணிகள் மோதிய சிறப்பு ரேஸ் ஒன்றில் ஜெயித்தார். அவரை ஓட்ட வைத்தது ஜப்பானின் முதல் முழுநேர ஃபார்முலா 1 ஓட்டுநரான சடோரு நகாஜிமாவின் அணி.

எல்லோருக்கும் திறந்த கதவா?

இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஃபார்முலா மாருதி மலிவாக்கியது ஒரு படியைத்தான். ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, டயர், பயணம் என்று நம் ஊர் ரேஸுக்கே இன்றும் லட்சங்கள் வேண்டும். ஐரோப்பா போனால் கணக்கு கோடிகளில். ஃபார்முலா 1 வரை போன இரண்டு பேருமே அப்பா ரேஸ் ஓட்டிய வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அடுத்த படிக்கும் ஒரு மலிவுக் கணக்கை இங்கே யாரும் இதுவரை போடவில்லை. கரி இருந்திருந்தால் போட்டிருப்பாரா என்பது வெறும் ஊகம்.

ஆனால் முதல் படியில் கூட்டம் சேர்ந்ததால் மெக்கானிக்குகளும், கார் கட்டுபவர்களும், பயிற்சியாளர்களும் உருவானார்கள். பல தேசியப் போட்டிகளில் ஓடும் ஃபார்முலா கார்கள் இன்றும் கோவையிலிருந்துதான் வருகின்றன.

கரி டிராக்கில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு நாடு முழுவதிலிருந்தும் இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே செய்த ஒற்றை இருக்கை கார்களோடு வருகிறார்கள். பெட்ரோல் கார் என்றால் பெரும்பாலும் பைக்கிலிருந்து எடுத்த இன்ஜின், அதைச் சுற்றி கல்லூரிப் பட்டறையில் வெல்டிங் செய்த சட்டம். சில வருஷங்களாக பேட்டரி கார்களும் வருகின்றன.