ஹான்ஸ் பேர்கர்: மூளையின் அலைகளைக் கண்டவர்

படிப்பில் கவனம் நிலைக்காத பிள்ளைகளுக்கு மூளை அலைப் பயிற்சி அளிக்கும் நிலையங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன. பிள்ளையின் தலையில் மின்வாய்களைப் பொருத்துவார்கள். அலைகள் எதிர்பார்த்த ஒழுங்கில் அமைந்தால் கணினித் திரையில் விளையாட்டு நகரும், குழம்பினால் நின்றுவிடும். இதற்கு அடித்தளமிட்டவர் ஜேர்மனிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பேர்கர்.

அவர் 1873 மே 21 அன்று கோபர்க் நகருக்கு அருகே பிறந்தார். இளவயதில் இராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து வீழ்ந்து, பீரங்கி வண்டியின் கீழ் நசுங்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே நலம் விசாரித்துத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்தென வீட்டில் தமக்கை பதறியிருந்தார். எண்ணம் தொலைவைக் கடக்குமா என்ற கேள்வி பேர்கரை விடவில்லை. மருத்துவம் கற்றார்.

முதலாம் உலகப் போரில் படையினருக்கான மனநல மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியவர், 1919 இல் யேனா பல்கலைக்கழக மனநல மருத்துவமனையின் பணிப்பாளரானார். 1924 இல் 17 வயது நோயாளி ஒருவரிடம் மூளையின் மின்னசைவை முதன்முதலில் பதிவுசெய்தார். தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகித்து, ஐந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சோதித்தார். சொந்த மகனின் தலையிலும் பதிவுகள் எடுத்தார். 1929 இல்தான் வெளியிட்டார். கண்மூடி அமைதியாக இருக்கையில் செக்கனுக்குச் சுமார் 10 அலைகள் எழுகின்றன. கண் திறந்தால் அவை மங்குகின்றன. இவையே அல்பா அலைகள். பலர் நம்பவில்லை. 1934 இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மத்தியூஸும் உறுதிப்படுத்திய பின்னரே உலகம் ஏற்றது.

அவரது வாழ்வில் மறைக்கக்கூடாத பக்கமும் உண்டு. நாசி ஆட்சியின் 1933 ஆம் ஆண்டுச் சட்டம், பரம்பரை வலிப்பு உள்ளவர்களுக்கும் அறிவு வளர்ச்சி குன்றியவர்களெனக் கருதப்பட்டவர்களுக்கும் கட்டாயக் கருத்தடை செய்ய வழிவகுத்தது. சுமார் 4 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். அதற்கெதிரான மேன்முறையீடுகளை விசாரித்த யேனா நீதிமன்றத்தில் பேர்கரும் அங்கத்தவராக இருந்தார். வலிப்பு நோயாளர்களுக்கு இன்றுவரை உதவும் கருவியைத் தந்தவர், அவர்களின் உரிமையைப் பறித்த சபையிலும் அமர்ந்திருந்தார்.

1938 இல் ஓய்வுபெற்றார். மனச்சோர்வால் வருந்தி, 1941 ஜூன் 1 அன்று தன்னுயிரை மாய்த்துக்கொண்டார்.

1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜோ கமியா, தமக்குள் அல்பா அலை எழுவதை மனிதர் பயிற்சியால் உணரலாமெனக் காட்டினார். 1970களில் ஜோயல் லூபர் இதையொத்த பயிற்சியை மிகைச் செயற்பாடுள்ள பிள்ளைகளுக்குப் பயன்படுத்தினார். ஆனால் போலிப் பயிற்சியுடன் ஒப்பிட்ட கடுமையான ஆய்வுகளில் தெளிவான மேலதிகப் பயன் தென்படவில்லை. எனவே பெருந்தொகை செலவிடுமுன் பெற்றோர் மருத்துவரிடம் கேட்பது நல்லது. பதற்றமும் நித்திரைக் குறைவும்கூடக் கவனத்தைக் குலைக்கும். போரைக் கண்ட குடும்பங்கள் இதை நன்கறியும்.

பேர்கரின் கருவி மூளையின் அசைவைக் காட்டும். பிள்ளையின் பெறுமதியை அளக்காது.