28 டாலரில் ஒரு வீடு, உள்ளே 3 நாற்காலி... தோரோ ஏன் காட்டுக்குப் போனார்?

மேசை மேல் வைத்திருந்த மூன்று சுண்ணாம்புக் கற்களை ஒருநாள் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்துவிட்டார் ஹென்றி டேவிட் தோரோ. காரணம் ரொம்ப சிம்பிள். அவற்றை தினமும் தூசி தட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்!

வெள்ளைச் சுவர், ஒரு மரக்கட்டில், ஒரே ஒரு பூந்தொட்டி என்று 'மினிமலிசம்' ரீல்ஸ் போடுகிறவர்களுக்கெல்லாம் ஒரு வகையில் இவர்தான் கொள்ளுத்தாத்தா. ஆனா, இவர் கதையில் ரீல்ஸில் வராத ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்று, ஒரு மரணம். இன்னொன்று, ஒரு கணக்கு நோட்டு.

1817, ஜூலை 12. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், கான்கார்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார் தோரோ. அப்பாவுக்கு பென்சில் தயாரிக்கும் தொழில். பையனை எப்படியோ ஹார்வர்டு வரை படிக்கவைத்தார்கள். 1837-ல் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்தவருக்கு உள்ளூர்ப் பள்ளியிலேயே வாத்தியார் வேலை கிடைத்தது. பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க வேண்டும் என்று மேலிடம் சொல்ல, ரெண்டே வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். பிறகு அண்ணன் ஜானோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பள்ளி நடத்தினார்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அப்படி ஒரு ஒட்டு. தாங்களே ஒரு படகைச் செய்து, 1839-ல் கான்கார்ட், மெரிமேக் ஆறுகளில் பயணம் போனார்கள். ஒரே பெண்ணிடம் ரெண்டு பேரும் தனித்தனியாகக் காதலைச் சொல்லி, கடைசியில் ரெண்டு பேருக்கும் 'நோ' என்றானதும் நடந்தது. அதற்கும் அந்த உறவு உடையவில்லை.

1842 ஜனவரியில் சவரக்கத்தியைத் தீட்டும்போது ஜானின் விரலில் சின்னதாக ஒரு வெட்டு. டெட்டனஸ் வந்துவிட்டது. அதற்குத் தடுப்பூசி இல்லாத காலம். சில நாள்களில் தம்பியின் கைகளிலேயே உயிர் போனது. அதன் பிறகு ஹென்றிக்கும் அதே நோயின் அறிகுறிகள் வந்தன. உடம்பில் காயமே இல்லை. துக்கம்தான் அப்படிக் காட்டியது. மீண்டுவர ரொம்ப நாள் ஆனது.

அண்ணனோடு போன அந்தப் படகுப் பயணத்தை ஒரு புத்தகமாக எழுத வேண்டும். அதற்கு ஓர் இடமும் நேரமும் வேண்டும். தோரோ காட்டுக்குப் போனதற்கு இது முக்கியமான காரணம். 'நாகரிகத்தை வெறுத்து ஓடிய சாமியார்' என்று அவரை நினைப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

நண்பரும் எழுத்தாளருமான எமர்சனுக்கு வால்டன் குளக்கரையில் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே வீடு கட்ட அனுமதி கிடைத்தது. 1845 மார்ச்சில் கோடாரியைக் கடன் வாங்கிக்கொண்டு போய் பைன் மரங்களை வெட்ட ஆரம்பித்தார். பலகைக்காக, ரயில் பாதை வேலை பார்த்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக்காரரின் குடிசையை 4.25 டாலருக்கு வாங்கிப் பிரித்தார். ஜன்னல்கள் செகண்ட் ஹேண்ட். ஆயிரம் பழைய செங்கல். ஆணி 3.90 டாலர், தாழ்ப்பாள் 10 சென்ட், சாக்பீஸ் 1 சென்ட் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். அப்போது ஹார்வர்டு மாணவர் ஒருவர் தன் அறைக்குக் கொடுத்த ஒரு வருஷ வாடகையே 30 டாலர்!

15 அடி நீளம், 10 அடி அகலம். உள்ளே ஒரு கட்டில், மேசை, எழுதும் மேசை, மூன்று நாற்காலி, மூன்று அங்குலக் கண்ணாடி, மூன்று தட்டு, ஒரு கப், ஒரு ஸ்பூன், ஒரு விளக்கு. திரைச்சீலை கிடையாது. எட்டிப் பார்க்க சூரியனையும் நிலாவையும் விட்டால் யார் இருக்கிறார்கள்? ஜூலை 4-ம் தேதி குடியேறியபோது சுவருக்குப் பூச்சுகூட இல்லை. குளிர் வருவதற்குள் புகைபோக்கியைக் கட்டி, பூச்சு வேலையையும் முடித்தார்.

இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ் போட்டார். செலவு போக கையில் நின்றது 8 டாலர் 71½ சென்ட். எட்டு மாசச் சாப்பாட்டுச் செலவு 8 டாலர் 74 சென்ட். இடையிடையே கூலி வேலைக்கும் போனார். இதையெல்லாம் கூட்டிக் கழித்து அவர் கண்டுபிடித்தது இதுதான்: வருஷத்தில் ஆறு வாரம் உழைத்தால் போதும், மீதி நாளெல்லாம் தன்னுடையது. ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் விலையைப் பணத்தில் இல்லாமல் நாள்கணக்கில் பார்த்தவர் அவர். இ.எம்.ஐ-யில் போன் வாங்கியவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்!

அந்த வீட்டில்தான் அண்ணனின் புத்தகத்தை எழுதி முடித்தார்.

'ஊரிலிருந்து ஒன்றரை மைல்தானே, அடிக்கடி அம்மா வீட்டில் சாப்பிட்டாரே, இது என்ன தவம்?' என்று இன்னிக்கும் கிண்டல் செய்பவர்கள் உண்டு. அவர் தனியாக ஒளிந்திருப்பதாகச் சொல்லவே இல்லை; மூன்று நாற்காலி எதற்காம்? எனக்கு உறுத்துவது வேற. அந்த காலின்ஸ் குடும்பம். குடிசையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் விடிகாலையில் மொத்தக் குடித்தனத்தையும் ஒரு பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களிடமும் பொருள்கள் குறைவுதான். ஆனா, அதை எளிமை என்று யாரும் சொல்லவில்லை. தோரோவுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது.

1846 ஜூலையில், அடிமைமுறையை ஆதரிக்கும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத்தான் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி படித்தார்.

1847 செப்டம்பர் 6-ல் காட்டைவிட்டு வந்துவிட்டார். மொத்தம் ரெண்டு வருஷம், ரெண்டு மாசம், ரெண்டு நாள். பிறகு நில அளவை வேலை, அப்பாவின் பென்சில் தொழில். அண்ணன் நினைவில் எழுதிய புத்தகம் 1849-ல் ஆயிரம் பிரதிகள் அச்சாகி, 706 பிரதிகள் விற்காமல் வீட்டுக்கே திரும்பி வந்தன. மாடிக்கு அவரே சுமந்து போய் அடுக்கினார். குளக்கரை வாழ்க்கையைச் சொல்லும் 'வால்டன்' 1854-ல் வந்தது. 1862 மே 6-ல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 44.

அந்த வீடு? கைமாறி, விவசாயிகள் தானியம் சேர்த்து வைக்கும் கொட்டகையானது. 1868-ல் பிரித்து, கூரையை வேறொரு கொட்டகைக்குப் போட்டுவிட்டார்கள். வீடு நின்ற இடமே மறந்துபோய், 1945-ல்தான் புகைபோக்கியின் அஸ்திவாரத்தைத் தோண்டி எடுத்தார்கள். இப்போது வால்டன் போனால் அதே அளவில் ஒரு மாதிரி வீட்டைப் பார்க்கலாம். கார் பார்க்கிங் பக்கத்திலேயே இருக்கிறது.