ரைட் வீட்டு அம்மா

ரைட் சகோதரர்கள்னு சொன்னதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? 1903, டிசம்பர் 17, கிட்டி ஹாக், 12 செகண்ட், 120 அடி. ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சது, அப்படியே மண்டையில ஒட்டிக்கிச்சு. போன செமஸ்டர் ப்ராஜெக்டுக்காக ப்ரொப்பல்லர் பத்திப் படிக்கப் போனேன். படிச்சிட்டே போனதுல ப்ரொப்பல்லரை விட்டுட்டு அவங்க வீட்டுக்குள்ள போயிட்டேன். அந்த வீட்டுல ஒரு அம்மா. பேரு சூசன் கேதரின் ரைட். மக்கள் பறந்ததைப் பார்க்க அவங்க உயிரோட இல்லை, அதுக்கு 14 வருஷம் முன்னாடியே போயிட்டாங்க.

அவங்க கதையைத்தான் சொல்லப்போறேன்.

சூசன் பிறந்தது 1831, அமெரிக்காவுல வர்ஜீனியா. அப்பா ஜான் கோர்னர் ஜெர்மனியில இருந்து கப்பலேறி வந்தவர், தொழில் குதிரை வண்டி செய்யறது. பிறகு குடும்பம் இண்டியானாவுக்குப் போய் ஒரு பண்ணை வாங்கிச்சு. அந்தப் பண்ணையில ஒரு வண்டிப் பட்டறை. காலால மிதிச்சு ஓட்டுற லேத் ஒண்ணு அங்கே இருந்தது. நம்ம ஃபர்ஸ்ட் இயர் வொர்க்‌ஷாப்ல லேத் முன்னாடி எல்லாரும் எப்படி பயந்து நின்னோம்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பொண்ணு சின்ன வயசிலேயே அப்பா கூட அந்தப் பட்டறையில நின்னு உளி, ரம்பம், இழைப்புளி எல்லாம் பிடிக்கப் பழகிடுச்சு. அந்தக் காலத்துல பொண்ணுங்க கையில ஊசியும் நூலும்தான் கொடுப்பாங்க. சூசனுக்கு ரெண்டும் வந்தது.

படிப்பும் வந்தது. ஹார்ட்ஸ்வில்னு ஒரு சின்ன காலேஜ், அவங்க சபை நடத்தினது. பொண்ணுங்களைச் சேர்த்துக்கிட்ட காலேஜ் அப்போ ரொம்பக் கம்மி. சூசன் அங்கே இலக்கியம் படிச்சாங்க, கணக்குலயும் கெட்டிக்காரின்னு பேர் எடுத்தாங்க. ஆனா டிகிரி வாங்காமலே வெளிய வந்துட்டாங்க. அங்கேதான் மில்டன் ரைட்டைச் சந்திச்சாங்க. யுனைட்டட் பிரதரன் இன் கிறைஸ்ட்ங்கிற சபையில போதகர். 1857ல மில்டன் ஊழியத்துக்காக ஆரிகன் கிளம்பினார். கல்யாணம் பண்ணிக்கிட்டு கூட வர்றியான்னு கேட்டார். சூசன் வரலைன்னுட்டாங்க, திரும்பி வந்ததும் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அந்தக் காலத்து 26 வயசுப் பொண்ணுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. ரெண்டு வருஷம் காத்திருந்து 1859 நவம்பர்ல கல்யாணம்.

தைரியம்னு சொன்னேன், ஆனா ஆள் பயங்கர கூச்ச சுபாவம். கல்யாணமாகிப் புதுசா ஒரு மளிகைக் கடைக்குப் போனாங்களாம். சாமானை யார் பேர்ல வீட்டுக்கு அனுப்பறதுன்னு கடைக்காரர் கேட்டிருக்கார். பதட்டத்துல தன்னோட புதுப் பேரே மறந்துபோச்சாம்! வைவாவுல எக்ஸ்டர்னல் உங்க ப்ராஜெக்ட் டைட்டில் என்னன்னு கேட்டதும் முழிச்ச ஆள் நான். அதனால இந்த இடம் படிச்சப்போ சூசன் மேல தனிப் பாசம் வந்துடுச்சு.

பிள்ளைங்க மொத்தம் ஏழு. மூத்தவன் ரூக்லின், அடுத்து லோரின், 1867ல வில்பர். 1870ல இரட்டைக் குழந்தைங்க பிறந்து ஒரு மாசத்துக்குள்ள ரெண்டும் போயிடுச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 19ல ஆர்வில். சரியா மூணு வருஷம் கழிச்சு அதே ஆகஸ்ட் 19ல கேதரின், ஒரே பொண்ணு. ஆர்வில், கேதரின் ரெண்டு பேரும் பிறந்தது ஒஹாயோ மாநிலம் டேட்டன் ஊர்ல, ஹாத்தோர்ன் தெரு 7ஆம் நம்பர் வீட்டுல.

மில்டன் 1877ல பிஷப் ஆனார். பிஷப்னா வீட்டுல இருக்க முடியாது. சபை சபையா ரயிலேறிப் போய்க்கிட்டே இருக்கணும். சபை சொன்ன இடத்துக்கெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டிச்சு. 1878ல அயோவா, 1881ல இண்டியானா, 1884ல திரும்ப டேட்டன். ஒவ்வொரு தடவையும் பாத்திரம் பண்டம், அஞ்சு பிள்ளைங்க, வண்டி வண்டியா புத்தகம், எல்லாத்தையும் கட்டி அவிழ்த்தது சூசன்தான். அப்பா ஊர் ஊரா இருந்துக்கிட்டு கடிதத்துல புத்தி சொல்வார். அம்மா பக்கத்துல இருந்து வளர்த்தாங்க.

இப்போ நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன். பிஷப் மில்டனுக்கு ஒரு ஆணியை நேரா அடிக்கத் தெரியாது. வீட்டுல எது உடைஞ்சாலும் சரி பண்றது சூசன். தனக்கு வேணுங்கிற சின்னச் சின்ன வீட்டுச் சாதனங்களை அவங்களே வடிவமைச்சு செஞ்சுக்கிட்டாங்க. பசங்களுக்குப் பொம்மை செஞ்சு கொடுத்தாங்க. பனியில சறுக்கி விளையாடுற ஸ்லெட் வண்டி ஒண்ணு மரத்துல செஞ்சு கொடுத்தாங்க, கடையில வாங்கினது மாதிரியே இருக்குமாம். பசங்களுக்கு ஒரு மெக்கானிசம் புரியலைன்னா, ஒரு ஜாயின்ட் சேரலைன்னா, அம்மாகிட்டதான் ஓடுவாங்க. அப்பாகிட்ட பைபிள் சந்தேகம், அம்மாகிட்ட மெக்கானிக்கல் சந்தேகம். எந்த வீட்டுல இப்படி இருக்கும், சொல்லுங்க!

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. பசங்க எதையாவது பாதி செஞ்சு வழியில போட்டுட்டுப் போனா, அது எவ்வளவு குப்பையா தெரிஞ்சாலும் சூசன் தூக்கிப் போட மாட்டாங்க. எடுத்து சமையலறை அலமாரியில ஒரு ஓரமா வச்சிடுவாங்க. எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கு. செகண்ட் இயர்ல நான் எரிச்ச ரெண்டு மோட்டார், உடைஞ்ச ஒரு ப்ரொப்பல்லர், எதுக்குன்னே தெரியாத ஸ்க்ரூ, எல்லாம் அதுல கிடக்கு. எங்க அம்மாவுக்கு மோட்டார் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா டப்பாவை யாரும் தொடக்கூடாது.

ஆர்வில் பத்தி ஒரு கதை. அஞ்சு வயசுல அவனைக் கிண்டர்கார்ட்டன்ல சேர்த்தாங்க. தினமும் காலையில சமத்தா கிளம்புவான், சரியான நேரத்துக்குத் திரும்பி வருவான். பையன் எப்படிப் படிக்கிறான்னு கேட்க ஒரு நாள் சூசன் ஸ்கூலுக்குப் போனா, டீச்சர் ஆச்சரியமா பார்க்கிறாங்க. ஆரம்பத்துல சில நாள் வந்தான், அப்புறம் ஆளையே காணோம்! பக்கத்து வீட்டு நண்பன் கூட உக்காந்து ஒரு பழைய தையல் மெஷினை நோண்டிக்கிட்டு இருந்திருக்கான். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் அஞ்சு வயசுலயே ஆரம்பிச்சிருக்கு.

1878ல அயோவாவுல இருந்தப்போ அப்பா ஊர்ல இருந்து ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தார். ரப்பர் பேண்ட் முறுக்கிவிட்டா மேல பறக்கிற ஹெலிகாப்டர், பிரான்ஸ்காரர் பெனோ வடிவமைச்சது. வில்பருக்கு 11, ஆர்விலுக்கு 7. அது உடையற வரைக்கும் பறக்கவிட்டாங்க, அப்புறம் அதைப் பார்த்து தாங்களே செய்ய ஆரம்பிச்சாங்க. பெருசா செஞ்சா இன்னும் மேல போகும்னு நினைச்சாங்க, ஆனா பெருசு பறக்கவே இல்லை. சைஸை ரெண்டு மடங்காக்கினா பவர் எட்டு மடங்கு வேணும்ங்கிறது அப்போ அவங்களுக்குத் தெரியாது. தோத்துப்போன அந்தப் பெரிய ஹெலிகாப்டரும் வீட்டுத் தரையிலதான் கிடந்திருக்கும், அதை யார் எடுத்து வச்சிருப்பாங்கன்னு நமக்குத் தெரியும்தானே.

1884ல டேட்டனுக்கு அவசரமா திரும்பி வந்ததுல, ஸ்கூல் முடிக்கிற நேரத்துல வில்பருக்கு டிப்ளோமா கிடைக்காமப் போச்சு. ஆனா நல்லா படிக்கிற பையன். யேல் யுனிவர்சிட்டிக்கு அனுப்பலாம்னு வீட்டுல பேச்சு இருந்தது. 1885-86 குளிர்காலத்துல உறைஞ்ச ஏரியில ஹாக்கி மாதிரி ஒரு ஆட்டம் ஆடும்போது ஒருத்தன் வீசின மட்டை வில்பர் முகத்துல அடிச்சது. முன்பற்கள் எல்லாம் போச்சு. காயம் ஆறிச்சு, ஆனா நெஞ்சு படபடப்பு வந்தது, ஆளே மாறிப்போனான். யேல் பேச்சு நின்னது. வில்பர் வீட்டுக்குள்ளேயே உக்காந்தான்.

அதே சமயத்துல சூசனுக்கு காசநோய் முத்திடுச்சு. அப்போ அதுக்கு மருந்தே இல்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடிச்சதே 1882லதான், அதைக் கொல்ற மருந்து வர்றதுக்கு இன்னும் 60 வருஷம் ஆகணும். அப்பா சபை வேலையா வெளியூர். அண்ணன்கள் ரெண்டு பேரும் வெளிய போயாச்சு. ஆர்விலும் கேதரினும் ஸ்கூல். மிச்சம் இருந்தது வில்பர்தான்.

காலையில அம்மாவைத் தூக்கிக்கிட்டு மாடியில இருந்து கீழே வருவான். ராத்திரி திரும்ப மாடிக்குத் தூக்கிட்டுப் போவான். நடுவுல சமையல், வீட்டு வேலை. அம்மா தூங்கற நேரத்துல அப்பாவோட புத்தக அலமாரியில இருந்து ஒண்ணு ஒண்ணா எடுத்துப் படிப்பான். இப்படி ஏறக்குறைய மூணு வருஷம். கேன்சாஸ்ல இருந்த அண்ணன் லோரின் தங்கச்சிக்கு எழுதின கடிதத்துல, வில் என்ன பண்றான், ஏதாவது வேலை பார்க்க வேணாமா, இன்னும் சமையல்காரனாவும் வீட்டு வேலைக்காரனாவும்தான் இருக்கானான்னு கேட்டிருக்கார். சொந்தக்காரங்க எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரிதான் போல. பிளேஸ்மென்ட் ஆகலையான்னு போன் பண்ற எங்க பெரியப்பா ஞாபகம்தான் வந்தது.

ஒண்ணு யோசிச்சுப் பார்த்தேன். சூசன் அந்த நிலைமையில மகனைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? 20 வயசுப் பையன், காலேஜ் இல்லை, வேலை இல்லை, தன்னைத் தூக்கிச் சுமக்கிறான். எந்த அம்மாவுக்கும் அது பெருமையும் வலியும் சேர்ந்தேதான் இருந்திருக்கும். மனைவி உயிரோட இருந்த நாள் நீண்டதே வில்பர் பார்த்துக்கிட்டதாலதான்னு மில்டன் பின்னாடி சொல்லியிருக்கார்.

இதுக்கிடையில ஆர்விலுக்குப் பிரிண்டிங் பைத்தியம் பிடிச்சது. 1888ல அண்ணன் உதவியோட பெருசா ஒரு பிரஸ் செஞ்சான். அதுல உடைஞ்ச கல்லறைக் கல் ஒண்ணு, பழைய குதிரை வண்டிக் கூரையோட கம்பிகள், விறகுக் கட்டை எல்லாம் இருந்தது. தொழில் தெரிஞ்ச ஒருத்தர் வந்து அதுக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு, ஓடுது, ஆனா எப்படி ஓடுதுன்னுதான் புரியலைன்னு சொன்னாராம். 1889 மார்ச் 1ல அந்தப் பிரஸ்ல இருந்து வெஸ்ட் சைட் நியூஸ்னு ஒரு வாரப் பத்திரிகை வந்தது. ஆர்விலுக்கு அப்போ 17 வயசு. கொஞ்ச நாள்ல வில்பரும் ஆசிரியரா சேர்ந்தான். வீட்டுக்குள்ள முடங்கிக் கிடந்தவன் தம்பியோட சேர்ந்து வெளிய வந்தான்.

சூசன் உயிரோட இருந்து பார்த்தது இவ்வளவுதான். வண்டிக் கம்பியில செஞ்ச ஒரு பிரஸ், அதுல அச்சான ஒரு உள்ளூர் பத்திரிகை. வண்டி செய்யறவரோட மகளுக்கு அதுல தெரிய வேண்டியது தெரிஞ்சிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன்.

1889 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். அன்னைக்கு சூசன் இறந்துபோனாங்க. வயசு 58. டேட்டன் உட்லண்ட் கல்லறைத் தோட்டத்துல அடக்கம். கேதரினுக்கு 14 வயசு, வீட்டுப் பொறுப்பு அவ தலையில விழுந்தது. ஆனா அவதான் அந்த வீட்டுல காலேஜ் டிகிரி வாங்கின ஒரே பிள்ளை, 1898ல ஓபர்லின் காலேஜ்ல.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சைக்கிள் கடை, கிளைடர், விண்ட் டனல். ரெண்டே விஷயம் மட்டும் சொல்லிடறேன். 1900ல வில்பர் முதல் தடவையா கிட்டி ஹாக் போனப்போ, 18 அடி மரச்சட்டம் எங்கேயும் கிடைக்கலை, 16 அடிதான் கிடைச்சது. அதனால ரெக்கைத் துணியை வெட்டிச் சின்னதாக்கணும். தங்கியிருந்த வீட்டு அம்மாகிட்ட தையல் மெஷின் கேட்டு வாங்கி, வாசல்ல உக்காந்து வில்பரே தச்சார். அந்தக் காலத்துல எத்தனை ஆம்பிளைங்க தையல் மெஷின்ல உக்காந்திருப்பாங்க? இவர் யார் பிள்ளைன்னு தெரிஞ்சா ஆச்சரியம் வராது.

ரெண்டாவது, 1903 டிசம்பர் 13. மெஷின் ரெடி, காத்தும் அருமையா இருந்தது. ஆனா அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஞாயித்துக்கிழமை வேலை செய்யறதில்லைங்கிறது அந்த வீட்டு வழக்கம். உலகத்துலயே முதல் ஆளா பறக்கிறது கைக்கெட்டின தூரத்துல இருந்தும், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கடற்கரையில நடந்துக்கிட்டும் புத்தகம் படிச்சுக்கிட்டும் அந்த நாளைக் கழிச்சாங்க. மறுநாள் வில்பர் முயற்சி பண்ணி மூணரை செகண்ட்ல கீழே விழுந்தது. 17ஆம் தேதி ஆர்வில் பறந்தார். அன்னைக்கே நாலாவது தடவை வில்பர் 59 செகண்ட், 852 அடி.

1910 மே 25ஆம் தேதி, டேட்டன் பக்கத்துல ஹஃப்மன் ப்ரேரி மைதானத்துல, 81 வயசு பிஷப் மில்டனை ஆர்வில் பக்கத்துல உக்காரவச்சு மேல கூட்டிட்டுப் போனார். கிட்டத்தட்ட ஏழு நிமிஷம், 350 அடி உயரம். பெரியவர் பயப்படுவார்னு நினைச்சா, மகன் காதுகிட்ட குனிஞ்சு இன்னும் மேல போ, இன்னும் மேல போன்னு சொன்னாராம். சூசன் இருந்திருந்தா அவங்களுக்கு 79 வயசு. நிச்சயமா அவங்க முதல்ல எஞ்சினைத்தான் சுத்தி வந்து பார்த்திருப்பாங்க.