வானக் கூரையை அளந்த வங்கத்துப் பேராசிரியர்

அல்லைப்பிட்டியிலே பிறந்தவனுக்கு அயலூர் என்பது பண்ணைக் கடலுக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணம். அதற்கும் அப்பாலுள்ள உலகம் முழுவதும் எனக்கு ஒரு வானொலிப் பெட்டிக்குள் இருந்தது. 1965ஆம் ஆண்டளவில் எங்கள் விறாந்தையில் அச்சிறிய திரான்சிஸ்டர் பெட்டி வந்து குடியேறியது. பகலில் அதிலே கேட்பவை இலங்கை வானொலியும், கடல் தாண்டி வரும் திருச்சி நிலையமுமே. சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியதும் பெட்டியின் இயல்பு மாறிவிடும். முள்ளை மயிரிழையளவு திருப்பினால் ஒரு தேசம். இன்னும் ஓர் இழை திருப்பினால் வேறொரு தேசம்.

என் தமையனாருக்கு ஆங்கில றொக் இசையிலே தீராத மோகம். எல்விஸ் பிறெஸ்லியையும் பீட்டில்ஸ் குழுவினரையும் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் தெளிவாகவே கேட்கலாம். ஆயினும் அவருக்கு அது போதாது. நள்ளிரவுக்குப் பின், பெயரும் ஊரும் தெரியாத ஏதோ ஒரு தூரத்து நிலையத்தில், அதே பாட்டு அலை அலையாக எழுந்தும் அமிழ்ந்தும் வருவதைக் கேட்பதிலேதான் அவருக்கு இன்பம். பெரியவர்கள் அந்த இசையைப் பேய்க்கூத்து என்றார்கள். நான் ஆசிரியனான பின்னர் நானும் அவ்வாறு சொன்னதுண்டு. சொல்லிவிட்டு இரவிலே வீட்டில் அதே முள்ளைத் திருப்பியதும் உண்டு.

விஞ்ஞான ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: தூரத்து நிலையங்கள் இரவில் மட்டும் வருவது ஏன்? இரவில் காற்று குளிர்ந்து அமைதியாக இருப்பதனால் என்று விடை சொன்னேன். அது முழுப் பிழை. பல ஆண்டுகள் கழித்து, அதற்குரிய விடையைத் தேடிப் போன இடத்திலேதான் சிசிர் குமார் மித்ரா என்னும் பெயரைக் கண்டேன். மார்க்கோனியையும் அப்பிள்ற்றனையும் வகுப்பில் விரிவாகப் படிப்பித்த நான், அண்டை நாட்டில் வாழ்ந்த இவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

மித்ரா பிறந்தது 1890 ஒக்ரோபர் 24ஆந் திகதி. தந்தையார் ஜெயகிருஷ்ணர் பள்ளி ஆசிரியர். தாயார் சரத்குமாரி, பெண்கள் வீட்டு வாயிலைக் கடப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், மருத்துவம் பயின்று பகல்பூரிலுள்ள டஃபரின் மருத்துவமனையில் பணியேற்றவர். தந்தையார் நோயுற்றுத் தளர்ந்தபோது குடும்பத்தைத் தாங்கியது அந்த அம்மையாரின் சம்பளமே. பையனின் கல்வி நிற்காமற் காத்ததும் அதுவே. இவ்விடத்தில் என் மனம் மகனை விட்டுத் தாயிடம் போய்விடுகின்றது. அவருக்கென்று தனியே ஒரு வரலாறு எழுதப்பட வேண்டும்.

கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் பாடம் சொன்ன வகுப்பில் அமர்ந்து, 1912இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார் மித்ரா. ஆராய்ச்சி செய்ய விருப்பம், வீட்டிலோ வசதியில்லை. பகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1916இல் அசுதோஷ் முகர்ஜி புதிதாக அமைத்த விஞ்ஞானக் கல்லூரிக்கு அவரை அழைத்துக்கொண்டார். அங்கே சி. வி. இராமனின் வழிகாட்டலில் ஒளியியலை ஆராய்ந்து 1919இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் பரிஸ் சென்று ஃபாப்றியிடம் பயின்று 1923இல் இரண்டாவது டாக்டர் பட்டம். மேரி கியூரியின் ஆய்வுகூடத்திலும் சில காலம் இருந்தார்.

அவர் ஒளியியலிலேயே நின்றிருந்தால் இராமனின் மாணவருள் ஒருவராக மதிக்கப்பட்டிருப்பார், அவ்வளவே. நான்சி நகரிலே கட்டன் என்பாரிடம் வானொலி வால்வுகளின் தொழிற்பாட்டைக் கண்டதும் அவர் மனம் திசை திரும்பியது. கம்பியில்லாத் தந்தியைக் கல்கத்தாவில் ஒரு பாடமாகவே கற்பிக்க வேண்டும் என்று அங்கிருந்தே அசுதோஷருக்கு எழுதினார். நாடு திரும்பியவுடன் பேராசிரியர் பதவியும், சொற்பக் கருவிகள் கொண்ட ஓர் ஆய்வுகூடமும் கிடைத்தன. 1920களின் நடுப்பகுதியில் அந்த ஆய்வுகூடத்திலிருந்தே ‘டூ-சி-ஸெட்’ என்னும் அழைப்புக் குறியுடன் இசையும் பேச்சும் ஒலிபரப்பாயின. இந்தியாவின் மிக முந்திய ஒலிபரப்புகளுள் இஃது ஒன்று. 1927இல் கல்கத்தாவில் முறையான நிலையம் திறந்தபின் அதன் தேவை ஒழிந்தது.

ஒலியை அனுப்புவதைக் காட்டிலும், அனுப்பிய ஒலி எங்கே போய் எப்படித் திரும்புகின்றது என்பதே அவரை ஈர்த்தது. வானத்தில் மின்னேறிய ஒரு படை இருக்க வேண்டும் என்று கென்னலியும் ஹெவிசைடும் 1902இல் ஊகித்தனர். 1924இல் அப்பிள்ற்றன் அதனை இங்கிலாந்தில் மெய்ப்பித்தார். ஆனால் இங்கிலாந்தின் வானம் வேறு, வெப்ப வலயத்தின் வானம் வேறு. நமது வானத்தை நாமே அளக்க வேண்டும் என்று முனைந்தவர் மித்ரா. 1933 ஆகஸ்ட் 21ஆந் திகதி சூரிய கிரகணம் வந்தது. கிரகணம் என்றால் நம்மவர் நீராடப் போவர். மித்ராவும் அவருடைய மாணவரும் கருவிகளின் முன் அமர்ந்தனர். சூரியன் மறையும்போது அயனமண்டலம் எவ்வாறு மாறுகின்றது என்று அளந்து ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினர். 1935இல் சியாம் என்னும் மாணவருடன் சேர்ந்து, ஏறத்தாழ 55 கிலோமீற்றர் உயரத்தில், அலைகளை உறிஞ்சும் தாழ்ந்த படையொன்றைப் பற்றிய சான்றையும் அறிவித்தார்.

என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இங்கேதான் இருக்கின்றது. பகலில் சூரிய ஒளி அந்தத் தாழ்ந்த படையை மின்னேற்ற, அது மத்திய அலையை விழுங்கிவிடுகின்றது. பொழுதுபட்டுச் சிறிது நேரத்தில் அப்படை கலைந்துபோகும். அதன் பின் அலைகள் தடையின்றி மேலேறி, 100 கிலோமீற்றருக்கு மேலுள்ள படைகளிற் பட்டு, தொலைதூரம் போய் மீண்டும் மண்ணுக்கு இறங்குகின்றன. ஒரே அலை இரு வழிகளால் வந்து சேரும்போது ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விடுவதனாலேதான், தமையனாரின் பாட்டு எழுந்தும் அமிழ்ந்தும் வந்தது. பகலில் திருச்சி எங்களுக்குக் கேட்டதற்குக் காரணம் வேறு: உப்புக் கடல் மின்சாரத்தை நன்கு கடத்தும், தரையிலே விரைந்து தளர்ந்துபோகும் அலை கடலின் மேல் களைப்பின்றி ஓடும். தீவகத்தாருக்கு இப்படி இரண்டு பேறுகள் இருந்தன. இரண்டையும் நாங்கள் அறியாமலே அனுபவித்தோம்.

1947இல் அவருடைய பெருநூல் ‘அப்பர் அற்மொஸ்பியர்’ கல்கத்தாவிலே ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. உலகெங்கும் இத்துறையினர் கையிலெடுத்த அந்நூல் பின்னர் ருஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. 1949இல் அவருடைய ஆய்வுகூடம் வானொலிப் பௌதிகத்துக்கும் இலத்திரனியலுக்கும் உரிய தனித் துறையாக வளர்ந்தது. ஓய்வுபெற்ற பின்னரும் மேற்கு வங்கத்தின் இடைநிலைக் கல்விச் சபையை நிர்வகிக்கும் தொல்லையை ஏற்றார். பள்ளிப் பரீட்சைகளைச் சீர்ப்படுத்துவது வானத்தை அளப்பதைவிடக் கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். 1958இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1962இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1963 ஆகஸ்ட் 13ஆந் திகதி காலமானார். சந்திரனின் மறுபக்கத்திலுள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. எங்கள் வானொலிப் பெட்டி வீட்டுக்கு வந்தபோது அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

1990இல் தீவகத்தை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தோம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மின்கலங்களுக்குத் தடை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசியது. சுழற்றுபவன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அந்த இரவுகளில், செய்தி முடிந்த பின், கைமாற்றிச் சுழற்றி இரண்டொரு பாட்டும் கேட்டோம். ஊர் இழந்தவர்களுக்கு வானம் மட்டும் மூடப்படவில்லை.

இப்பொழுது மீண்டும் அல்லைப்பிட்டியில் இருக்கின்றேன். வெளிநாட்டிலிருக்கும் பேரன் விடுமுறைக்கு வந்தால், கைபேசியில் இணையவழியாக எந்த நாட்டு றொக் நிலையத்தையும் கணத்தில் எடுத்துத் தருகின்றான். பகலும் இரவும் ஒன்றே. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தமையனார் உயிரோடிருந்தால் வியந்திருப்பார். சற்று நேரத்தில் சலித்தும் இருப்பார். மத்திய அலை நிலையங்கள் பல நாடுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ஆயினும் சென்ற மாதம் பழைய பெட்டிக்குப் புது மின்கலம் போட்டு, பொழுதுபட்டதும் முற்றத்துக்கு எடுத்துச் சென்றேன். பேரனும் கூட வந்தான். முள்ளை அவன் கையிற் கொடுத்தேன். நெடுநேர இரைச்சலுக்குப் பின் ஏதோ ஒரு மொழியில் ஒரு பாட்டு எழுந்தது, அமிழ்ந்தது, மீண்டும் எழுந்தது. இது ஏன் இப்படி வருகின்றது என்று அவன் கேட்டான். இம்முறை சரியான விடையைச் சொன்னேன்.