நிறம் மாறித் தெரிந்த கண்கள்

பதுளைப் பக்கத்தில் பச்சை இலைக்குள் சிவந்திருக்கும் கோப்பிப் பழம் சில பிள்ளைகளின் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படுவதில்லை. தமக்கே இருந்த இக்குறையை ஆராய்ந்து உலகறியச் செய்தவர், அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜோன் டால்டன்.

1766இல் இங்கிலாந்தில் எளிய நெசவாளியின் மகனாகப் பிறந்தார். பிறருக்கு இளஞ்சிவப்பான ஜெரேனியம் பூ பகலில் அவருக்கு நீலம்; மெழுகுதிரி வெளிச்சத்தில் சிவப்பு. அவருடைய சகோதரருக்கும் அப்படியே. 1794இல் இதை அறிஞர் சபையில் அறிவித்தார். கண்ணினுள் நீல நிற நீர் இருப்பதே காரணமென நம்பி, இறந்தபின் சோதிக்கும்படி சொல்லிவைத்தார். 1844இல் சோதித்தபோது நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்ட கண்ணை ஆராய்ந்து, பச்சை ஒளியை உணரும் நிறமி பிறப்பிலேயே இல்லையென 1995இல் கண்டார்கள்.

பெற்றோரே, நிறத்தை மாற்றிச் சொல்லும் பிள்ளையை அடிக்காதீர்கள். கண் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆண்பிள்ளைகளிடமே இது அதிகம்.